அக்கா சொன்ன அர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா ஓர் ஆங்கிலப் பேப்பரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மாடியேறி வந்தார். முப்பது வருடம் பஸ் டிப்போவில் டயர் மாற்றிய மனிதர். டயர் அளவையும் வண்டி எண்ணையும் தவிர வேறெதையும் ஆங்கிலத்தில் அவர் வாசித்து நான் பார்த்ததில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்கு வந்து, நான் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களின் மேலேயே பேப்பரை விரித்தார். உள்பக்கம் ஒன்றில் கால் பக்கத்துக்கு ஒரு போட்டோ. என் தங்கை. மேசையில் முழங்கையை ஊன்றி, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் கையை மடக்கிக்கொண்டிருக்கிறாள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. அழகாக இல்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

"படி," என்றார் அப்பா. "ஒரு எழுத்து விடாம படிச்சு அர்த்தம் சொல்லு. உன்னைப் படிக்க வெச்சது இன்னைக்காவது உதவட்டும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவர் வேடிக்கையாகச் சொல்வதெல்லாம் எனக்கு மட்டும் நாலு நாள் வலிக்கும்.

தங்கைக்கு வீட்டில் பொடி என்று பேர். எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு கையில் அடங்குகிற அளவுக்கு இருந்தவள். இன்றைக்கும் என் தோளுக்குத்தான் வருவாள். பத்தாவதில் இரண்டு முறை தோற்று, படிப்பை விட்டுவிட்டு, ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனாள். அது கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத கூடம். ஒரு மெஷினில் அறுபது படுக்கை விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, கப்பல் கயிறு மாதிரி ஈரத்தில் கனத்துக் கிடக்கும். கையை விட்டுப் பிடித்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை. பதினோரு வருடம். அந்தக் கைக்கு வேறு பயிற்சி எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரி ஊழியர்களின் விளையாட்டு நாளில் பஞ்சாவுக்கு, அதாவது கை மடக்கும் போட்டிக்கு, ஆள் குறைகிறது என்று யாரோ அவளைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். காவலாளியின் கையைச் சாய்த்தாள். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்த ஆம்புலன்ஸ் டிரைவரின் கையையும் சாய்த்தாள். அதற்குப் பிறகு ஆலைகள், அலுவலகங்கள், கடைகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் போட்டியில் பெண்கள் பிரிவு. ஒன்பது ஆட்டம். ஒன்றிலும் தோற்கவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் இறுதிப் போட்டி.

நான் பதினாறு வருடமாக ஆங்கில டீச்சர். வங்கியிலிருந்து வரும் கடிதம், மருந்துச் சீட்டு, மிக்ஸியோடு வரும் விளக்கக் காகிதம், எதுவானாலும் ஆங்கிலத்தில் இருந்தால் அது என் கைக்கு வந்துவிடும். கெட்டிக்காரி என்றால் நான், பாவம் என்றால் அவள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. ஆனாலும் அம்மா இருந்த காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் பாகம் பிரித்தது அப்படித்தான். எனக்கு வந்த பாகத்தில் நான் திருப்தியாகத்தான் இருந்தேன், அவளும் அவளுடைய பாகத்தில் இருந்தவரைக்கும்.

பொடி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கரண்டியைக் கையில் பிடித்தபடியே திரும்பி நின்றாள்.

"மேல பெரிய எழுத்துல என்னக்கா போட்டிருக்கு?"

"சலவைக்கூடத்தின் இன்வின்சிபிள் பெண்."

"இன்வின்சிபிள்னா?"

எனக்குத் தெரியும். வெல்லுதல் என்கிற பழைய லத்தீன் வேர், அதன் முன்னால் 'இல்லை' என்று சொல்லும் ஒரு முன்னொட்டு. வெல்ல முடியாதவள். யாராலும் தோற்கடிக்க முடியாதவள். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். நல்லதாக ஏதோ வரப்போகிறது என்று அவள் முகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. உதடு பாதி விரிந்து, மீதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அப்பா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் முதல் மாணவியாக வந்த வருடம்கூட அவர் அப்படிக் குனிந்து நின்று கேட்டதில்லை. அந்தப் பாதிச் சிரிப்பில் மீதியைப் போட என் கை வரவில்லை.

"கண்ணுல படாதவங்கன்னு அர்த்தம்," என்றேன். "யாருக்கும் தெரியாம ஒரு மூலையில இருக்கிறவங்க. பொடி அடித்தளத்துல வேலை செய்றா இல்லையா, அதை வெச்சு எழுதியிருக்கான்."

திட்டமிட்டுச் சொல்லவில்லை. என் வகுப்பில் வருடத்துக்கு நாற்பது பிள்ளைகளாவது செய்கிற தவறு அது. இன்வின்சிபிளும் இன்விசிபிளும் அவர்களுக்கு ஒன்றுதான். சிவப்புப் பேனாவால் சுழித்துச் சுழித்து எனக்கே அலுத்துப்போன தவறு, அன்றைக்குக் கேட்காமலேயே வந்து கைகொடுத்தது.

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "அதைச் சொல்லவா இவ்வளவு பெரிய எழுத்து?"

பொடி கொஞ்ச நேரம் கரண்டியையே பார்த்தாள். அப்புறம், "சரியாத்தானேப்பா போட்டிருக்கான்," என்றாள். "பதினோரு வருஷத்துல மேலேருந்து ஒரு டாக்டர் கீழ வந்து எட்டிப் பார்த்திருப்பாரா? விரிப்பு தானா வெள்ளையாகுதுன்னு நினைச்சுட்டு இருப்பாங்க." அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மீதிச் செய்தியை உள்ளது உள்ளபடி சொன்னேன். சில இடங்களில் இல்லாத பாராட்டைக்கூடச் சேர்த்தேன். திருடிய இடத்தில் துடைத்துவிட்டுப் போகிறவனைப் போல.

மறுநாள் ஆசிரியர் அறையில் கணக்கு டீச்சர், "என்ன, இன்வின்சிபிள் தங்கச்சி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அறையில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை, அதுவும் எனக்காக இல்லை. இவர்களில் யாராவது ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் போதும், குட்டு உடைந்துவிடும் என்ற பயத்தில், இடைவேளையில் நூலகத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் பிரித்தேன். நான் சொன்னதுக்கு ஏதாவது பழைய வழக்கு இருக்காதா என்று ஒரு நப்பாசை. இல்லை. ஆனால் கீழே கொடுத்திருந்த எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதல் முறையாகக் கவனித்துப் படித்தேன். வெல்லமுடியாததாகக் கருதப்பட்ட படை. வெல்லமுடியாதவன் என்று தன்னை நினைத்துக்கொண்ட அரசன். கடைசி ஆட்டம் வரை வெல்லமுடியாததாகத் தோன்றிய அணி. மலையை யாரும் அப்படிச் சொல்வதில்லை, கடலைச் சொல்வதில்லை. தோற்கக்கூடியவர்களுக்கு மட்டும்தான் அந்த வார்த்தை. அதுவும் பெரும்பாலும் தோற்பதற்கு முந்தின வாக்கியத்தில்தான் வருகிறது. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. பதினாறு வருடம் பாடம் நடத்தி வராத சந்தோஷம். அதற்காக வெட்கப்பட்டபடியே அகராதியை மூடினேன்.

அவள் அழுதிருந்தால், கோபப்பட்டிருந்தால், அந்த வாரமே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். பொடி அந்த வார்த்தையை எடுத்துப் புழங்க ஆரம்பித்துவிட்டாள். புதுச் செருப்பை வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பார்க்கிற மாதிரி, வீட்டில் எதைப் பேசினாலும் அது. "நம்ம பில்டிங் தண்ணி மோட்டார் சுத்த இன்வின்சிபிள்ப்பா. நின்னு போனாத்தான் அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியும்." லிப்டைத் துடைக்க வரும் அம்மாள் இன்வின்சிபிள். பஸ்ஸில் பின்சீட்டில் தினமும் உட்கார்ந்து வரும் ஒரு வழுக்கைத்தலைக்காரர் இன்வின்சிபிள். அப்பாவுக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போனது. பேப்பரை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு, "அப்ப உங்கம்மா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அம்மாதான் முதல் நம்பர் இன்வின்சிபிள்," என்றாள் பொடி. "அவ போனப்புறம்தானே இந்த வீட்டுல என்னென்ன வேலை இருக்குன்னே தெரிஞ்சுது."

அப்பா சிரித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறாமைக்கு ஓர் அளவு இருக்கும் என்று நினைத்திருந்தேன். தப்பான அர்த்தத்தைக் கொடுத்தாலும் அவள் அதை வைத்து ஒரு மனிதரை அழவைக்கிறாள். சரியான அர்த்தங்களையெல்லாம் வைத்துக்கொண்டு நான் இன்றுவரை யாரையும் தொட்டதில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் பள்ளியில் ஆங்கிலத் துறைக்குத் தலைவரை அறிவித்தார்கள். எனக்குப் பிறகு நாலு வருடம் கழித்து வேலைக்கு வந்தவர். சாயங்காலம் பொடி வெந்நீரில் மணிக்கட்டை முக்கி உட்கார்ந்திருந்தாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாததால் அவளிடம் சொன்னேன், வேறு யாருடைய கதையையோ சொல்வது போல.

அவள் வெந்நீரிலிருந்து கையை எடுத்தாள். ஈரக் கையோடேயே என் முழங்கையைத் தொட்டாள்.

"நீயும் இன்வின்சிபிள்தான்க்கா," என்றாள்.

அவள் முகத்தில் அவ்வளவு இரக்கம். எந்தக் கெட்டிக்காரியும் இரக்கத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருப்பதில்லை. அவளுக்கென்று தைத்த சட்டை எனக்கு அளவு எடுத்தாற்போலப் பொருந்திப் போயிருந்தது. கையை விலக்கிக்கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இறுதிப் போட்டி உள்விளையாட்டு அரங்கில், ஒரு ஞாயிறு மத்தியானம். நானும் அப்பாவும் நாலாவது வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் ஒரு சின்ன மேசை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கட்டைகள். எதிராளி ஒரு ரொட்டிக்கடைக்காரி, மாவு பிசைந்தே தோள் திரண்டவள். அவளுக்குப் பக்கத்தில் பொடி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள். மூன்று சுற்றில் இரண்டை எடுக்க வேண்டும்.

முதல் சுற்று தொடங்கும்போது நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. தோற்கட்டும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தடவை. தோற்று, வீட்டுக்கு வந்து, பழையபடி என் தோளுக்குக் கீழே நிற்கட்டும். அரை நிமிடத்தில் ரொட்டிக்கடைக்காரியின் கை மேசையில் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்றது. பின்வரிசையில் ஆஸ்பத்திரி ஆட்கள் மொத்தமாக வந்திருந்தார்கள். அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். "இன்வின்சிபிள்! இன்வின்சிபிள்!" அறிவிப்பாளரும் ஒலிபெருக்கியில் சேர்ந்துகொண்டார். முந்நூறு பேர் கைதட்டித் தாளம் போட்டுக் கத்தினார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் காதில் என்ன விழுகிறது? கண்ணில் படாதவள், கண்ணில் படாதவள் என்று முந்நூறு பேர் அவளையே பார்த்துக்கொண்டு கத்துகிறார்கள். பொடியின் முகம் வெளிறியது. அடித்தளத்து ஆளுக்கு மேடை எதற்கு என்று கேட்பதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் எங்களைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நான் எழுந்து அது இல்லை, அது இல்லை என்று கத்தியிருக்கலாம். எழவில்லை. அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்றும் புரியாமல், பிள்ளையைக் கேலி செய்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு, எல்லோரும் கத்துகிற மாதிரி வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சுற்றில் அவள் கை நடுவில் நின்று, நடுங்கி, சாய்ந்தது. மூன்றாவதில் அவ்வளவு நேரம்கூட நிற்கவில்லை.

கேட்டது கிடைத்த அந்த நொடியில் எனக்குள் ஏதோ இனித்தது. ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு அப்பா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்து, "பரவாயில்ல, பரவாயில்ல," என்று தன் முட்டியைத் தானே தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன்.

அறிவிப்பாளர் குறும்புக்காரர். ஒலிவாங்கியைப் பொடியின் வாய்க்கருகில் நீட்டி, "என்னங்க, இன்வின்சிபிள்னு பேரு வாங்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே?" என்றார்.

பொடி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். "அதான் இப்ப எல்லாரும் பார்த்துட்டீங்களே," என்றாள். "இனிமே நான் எப்படி இன்வின்சிபிள்?"

அரங்கம் கைதட்டலில் வெடித்தது. ரொட்டிக்கடைக்காரி அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டாள். தோல்வியை இவ்வளவு பெருந்தன்மையாக ஒருத்தி சொல்லி அந்த ஊர் கேட்டிருக்காது. அவள் சொன்ன அர்த்தமும் கூட்டம் கேட்ட அர்த்தமும் வேறு வேறு என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த வார்த்தையை வைத்து நான் படித்த எந்த வாக்கியமும் அதன் பக்கத்தில் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா டிரைவருக்குப் பின்னால் இடம் பிடித்து, முன்டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் நடுவில். பொடியின் வலது கை வீங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஐஸ் பையை வைத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். வெளியே மழை பெய்து விட்டிருந்தது.

"பொடி," என்றேன். "அந்த வார்த்தைக்கு அர்த்தம் அது இல்ல."

"எந்த வார்த்தை?"

"இன்வின்சிபிள். யாராலயும் தோக்கடிக்க முடியாதவன்னு அர்த்தம்."

அவள் வாய்க்குள்ளேயே அந்த வார்த்தையை ஒருமுறை சொல்லிப் பார்த்தது தெரிந்தது.

"அப்ப அவங்க எல்லாம் அதையா கத்தினாங்க?"

"ஆமா."

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி, மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி, "தெரியாமச் சொல்லிட்டியாக்கா?" என்று கேட்டாள்.

கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள் என்று புரிந்தது. ஒரு தலையசைப்பு போதும், நான் தப்பித்துப் போய்விடலாம்.

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது. ஐஸ் பையிலிருந்து சொட்டிய தண்ணீர் அவள் பேண்ட்டை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

"எத்தனை நாளா?"

"பேப்பர் வந்த அன்னைலேருந்து. மூணு வாரம்."

"அதைக் கேக்கல."

எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பதில் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் கனம் குறையும் என்று எங்கேயோ ஒரு நம்பிக்கை.

"அம்மா படுக்கையில இருந்தாளே, அப்போலேருந்து," என்றேன். "பக்கத்துலயே நான் உக்கார்ந்திருப்பேன். நீ வேலையிலேருந்து வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டதும், நீ தள்ளிக்கோ, அவளைக் கூப்பிடுன்னு சொல்லுவா. ஒவ்வொரு நாளும் சொல்லுவா."

பொடி என்னை முதல் முறையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"தன்னைத் தூக்கி உக்கார வைக்கத்தான்க்கா என்னைக் கூப்பிட்டா," என்றாள். "பேசறதுக்கு உன்னைத்தான் வெச்சிருந்தா."

எங்கள் நிறுத்தம் வந்ததும் அவள் எனக்கு முன்னால் எழுந்து, இடது கையால் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து, அப்பாவைத் தோளில் தொட்டு எழவைத்து இறக்கினாள். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது. அப்பா கையை வீசிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று தனக்குள் ஒத்திகை பார்த்தபடி முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் பொடி. பத்தடி விட்டு நான்.

மருந்துக்கடை முனையில் அவள் நின்றுவிட்டாள். வலது காலின் ஷூ நாடா அவிழ்ந்து, சேற்றுத் தண்ணீரில் நெளிந்து கிடந்தது. குனிந்து ஒற்றைக் கையால் அதைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை வழுக்கியது. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு நிமிர்ந்தாள். அப்பாவைக் கூப்பிடவில்லை. என்னையும் கூப்பிடவில்லை. எனக்கு முதுகைக் காட்டியபடி, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அந்தக் காலை மட்டும் தண்ணீர் படாத ஒரு கல்லின் மேல் தூக்கி வைத்து நின்றாள்.